ஆசிட்டும் அந்துருண்டையும் இல்லாமல் ஒரு வீடு: வேலூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், போகிக்கு முந்தைய வாரம். சத்துவாச்சாரியில் வாடகை வீட்டுக்கு வந்த புதிது. ஆழ்துளைக் கிணற்று நீரால் கழிப்பறைக் கோப்பை முழுக்க உப்பு படிந்து மஞ்சளாக இறுகியிருந்தது. கடையில் வாங்கிய ஆசிட்டை ஊற்றினேன். கறை அசையவில்லை. அதன் மேலேயே இரண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவி, கதவை மூடிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினேன். அரை நிமிடத்தில் தொண்டை எரிந்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமல் சத்தம் கேட்டு ஓடி வந்த என் மாமியாருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. அன்று இரவு முழுவதும் அவர் மருத்துவமனையில் ஆக்சிஜனோடு இருந்தார். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே வீட்டில் இருந்த பாட்டில்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தேன். எலுமிச்சைச் சாறு பட்டுச் சமையல் மேடையின் கடப்பா கல் வெளுத்தது. வீட்டு உரிமையாளர் அதை முன்பணத்தில் கழித்துக்கொள்வேன் என்றார். நொதிப்பதற்காகப் பழத்தோலைப் போட்டு இறுக மூடி வைத்த பாட்டில் மே மாத வெயிலில் வெடித்தது. கொசுவுக்கென்று வேப்பிலைப் புகை போட்டதில் மாமியாருக்கு மறுபடியும் மூச்சிரைப்பு. எது எதற்கு உதவும், எது உதவாது என்ற வரிசை பிடிபட எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தை நீங்களும் செலவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எறிவதற்கு முன் லேபிளைப் படியுங்கள்

முதல் நாள் வேலை இது மட்டும்தான். ஒரு மணி நேரம் போதும். வீட்டில் உள்ள ஒவ்வொரு பாட்டிலையும் டப்பாவையும் எடுத்து மேசையில் வையுங்கள். பூச்சிக்கொல்லி என்று விற்கப்படும் எதிலும் சதுர வடிவில் ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்த நிலை, நீலம் நடுத்தரம், பச்சை இவற்றில் குறைவானது. பச்சை என்றால் பாதுகாப்பானது என்று பொருள் அல்ல. அதே லேபிளில் மருந்தின் வேதிப்பெயரும், விழுங்கிவிட்டால் தரவேண்டிய மாற்று மருந்தும் அச்சிடப்பட்டிருக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: பொருளின் பெயர், உள்ளே உள்ள மருந்து, நிறம், வாங்கிய தேதி. லேபிள் கிழிந்த பாட்டிலையும், குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயிலையும் அன்றே அப்புறப்படுத்துங்கள். சாக்கடையிலோ ஏரியிலோ ஊற்ற வேண்டாம். தனிப் பையில் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவர் கைதான் வேகும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. நஞ்சு பற்றிய ஆலோசனைக்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையம், 1800 116 117. குழந்தை எதையாவது குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் உள்ளே போகும்போது ஒரு முறை சுடும், வெளியே வரும்போது மறுமுறை சுடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

2. உங்கள் தண்ணீரையும் தரையையும் சோதியுங்கள்

வேலூரில் ஒரே தெருவில் காவிரிக் குடிநீரும் வரும், ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரும் வரும். எது எந்தக் குழாயில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சிறிது சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்ல தண்ணீர். நுரை வராமல் திரிதிரியாக வெள்ளைப் பிசுக்கு மிதந்தால் கடின நீர். சோப்பு எவ்வளவு கொட்டினாலும் இந்த நீரில் பாதி வீண்.

அடுத்தது தரை. கடப்பா கல் என்பது சுண்ணாம்புக் கல். பளிங்கும் அப்படியே. மொசைக் தரையில் பளிங்குச் சில்லுகளும் சிமெண்டும் இருக்கின்றன. புளிப்பான எதுவும், அது எலுமிச்சையோ வினிகரோ புளியோ, இவற்றை அரிக்கும். போன மினுமினுப்பு திரும்ப வராது. சந்தேகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். வெளுத்தால் அந்தத் தரைக்கு, சோப்பு போல நுரை தரும் பூந்திக்கொட்டையின் நீர் மட்டும்தான். டைல்ஸ் தாங்கும்; ஆனால் இடையில் உள்ள சிமெண்ட் கோடு தாங்காது.

வாடகை வீட்டுக்குக் குடிவரும்போதே சமையல் மேடை, தரை, குழாய் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். நான் அதைச் செய்திருந்தால், எனக்கு முன்பே அந்தக் கல்லில் இருந்த பழைய கறைகளுக்கும் சேர்த்துப் பணம் இழந்திருக்க மாட்டேன்.

3. வாங்க வேண்டியவை

நீண்ட பட்டியலோடு கடைக்குப் போகாதீர்கள். லாங்கு பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடையும் ஒரு மளிகைக் கடையும் போதும். நான் கடைசியாக வாங்கியபோது கொடுத்த விலை இது: பூந்திக்கொட்டை அரை கிலோ 100 ரூபாய், எலுமிச்சை உப்பு 200 கிராம் 80, சலவை சோடா ஒரு கிலோ 60, ஆப்ப சோடா 100 கிராம் 20, வேப்பெண்ணெய் 100 மி.லி. 60, வசம்பு 50 கிராம் 40, பீர்க்கங்காய் நார் 30. நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கியதாகக் கேளுங்கள். முழுதாக வாங்கினால் விலை குறைவாகத் தெரியும். ஆனால் நுரை தருவது தோல்தான், உள்ளே இருக்கும் கறுப்பு விதை அல்ல. நீங்கள் விதையின் எடைக்கும் பணம் கொடுக்கிறீர்கள். எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் அமிலம். வெள்ளைப் பொடி என்பதால் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆப்ப சோடா வேறு, சலவை சோடா வேறு. முன்னது மாவில் போடுவது. பின்னது கையை அரிக்கும், உணவில் படவே கூடாது.

வாசனை எண்ணெய்கள், மர மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகள், ‘நச்சில்லாதது’ என்று அட்டையில் எழுதி ஐந்து மடங்கு விலைக்கு விற்கும் திரவங்கள் எதுவும் தேவையில்லை.

4. பூந்திக்கொட்டை நீர்

இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டால் பாதி வீடு முடிந்தது. பூந்திக்கொட்டையின் நுரை கடின நீரிலும் வரும், சோப்பைப் போலப் பிசுக்காகத் திரியாது. நம் ஊர்த் தண்ணீருக்கு இதைவிட ஏற்ற பொருளை நான் பார்க்கவில்லை.

கொட்டை நீக்கிய தோல் 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் அதே நீரோடு அடுப்பில் வைத்து, கொதி வந்தபின் சிறு தீயில் இருபது நிமிடம். பாதிக்கு மேல் நிரம்பாத பாத்திரமாக இருக்கட்டும். பால் போலப் பொங்கி வழியும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். சக்கையை இன்னொரு முறை அரை லிட்டர் நீரில் காய்ச்சினால் தரை துடைக்க ஆகும்.

பாத்திரத்துக்கு அப்படியே பயன்படுத்தலாம். பீர்க்கங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தால் போதும். தரைக்கு ஒரு வாளிக்கு ஒரு டம்ளர். பட்டுப் புடவைக்கும் கம்பளித் துணிக்கும் அரை வாளிக்கு அரை டம்ளர், பிழியாமல் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெள்ளைத் துணிக்கு வேண்டாம், பழுப்பேறும். எண்ணெய் வழியும் வாணலிக்கு இது மட்டும் போதாது. முதலில் அரிசி கழுவிய நீரோ கடலை மாவோ போட்டு எண்ணெய்யை எடுத்துவிடுங்கள்.

இங்குதான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரே நாளில் ஐந்து லிட்டர் காய்ச்சி வைக்கிறார்கள். இதில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை. சித்திரை, வைகாசியில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே புளித்து நாறும். மார்கழியில் நான்கு நாள் தாங்கும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம். எனக்குச் சரிப்பட்ட வழி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து வேண்டியபோது இரண்டு கட்டிகளை எடுப்பது. வாரம் இரண்டு முறை காய்ச்சினால் அரை கிலோ ஐந்து வாரம் வரும்.

கண்ணில் பட்டால் மிளகாய் போல எரியும். குழந்தைகளுக்குத் தலை தேய்க்கும்போது கவனம். மீன் தொட்டியிலும் மீன் விட்ட கிணற்றிலும் ஒரு சொட்டும் விழக் கூடாது, மீன்கள் செத்துவிடும்.

5. உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு

மாமியாரை மருத்துவமனைக்கு அனுப்பிய அதே கறை, கடைசியில் சொற்பச் செலவில் போனது. ஆசிட் செய்யும் வேலையையே எலுமிச்சை உப்பும் செய்யும், மெதுவாகவும் புகையில்லாமலும்.

இரவு படுக்கப் போகும் முன், கோப்பையில் தேங்கிய நீரை பிரஷ்ஷால் உள்ளே தள்ளி மட்டத்தைக் குறையுங்கள். 50 கிராம் எலுமிச்சை உப்பை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்துக் கறையின் மேல் சுற்றி ஊற்றுங்கள். நீர் மட்டத்துக்கு மேலே உள்ள கறைக்கு, பழைய துணியை அதில் நனைத்து ஒட்டி வையுங்கள். காலையில் தேய்த்தால் மேல் அடுக்கு வரும். ஆண்டுக்கணக்கில் படிந்ததற்கு மூன்று, நான்கு இரவுகள் ஆகும். முதல் நாளே போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரைக் கையில் எடுக்காதீர்கள். எந்தப் புளிப்புப் பொருளோடும் பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது; எலுமிச்சையும் வினிகரும் இதில் அடக்கம்.

குழாய்க்கும் ஷவருக்கும் ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. துணியில் நனைத்து அரை மணி சுற்றி வைத்துத் துடைத்துவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் குரோமியப் பூச்சு மங்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெட்டிலுக்கும் இதே கரைசல்தான்; பிறகு இரண்டு முறை வெறும் நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவைத்து, ‘சக்தி வாய்ந்த கலவை’ என்று பலர் சொல்வார்கள். பொங்குவது வெறும் கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் நல்ல பொருள்கள். கலந்து பாட்டிலில் மூடி வைத்தால் பாட்டில் வெடிக்கும்.

6. பழத்தோல் நொதிநீர்: பொறுமை உள்ளவர்களுக்கு

சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களைப் பழச்சாறு கடையில் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். அன்று பிழிந்ததாக இருக்க வேண்டும்; பூசணம் பிடித்ததை விடுங்கள். அளவு எப்போதும் 1, 3, 10: வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் போடுங்கள், கண்ணாடி வேண்டாம். மேலே கால் பங்காவது காலியாக இருக்கட்டும். முதல் மாதம் தினமும் ஒரு முறை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். கோடையில் காலையும் மாலையும். மூன்று மாதம் கழித்து வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் புளிப்பு வாசனையோடு ஒரு நீர் கிடைக்கும்.

பாட்டிலில் தொடங்கிய தேதியையும் வடிகட்ட வேண்டிய தேதியையும் எழுதி ஒட்டுங்கள். தைப் பொங்கலுக்கு வேண்டுமென்றால் புரட்டாசி முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். டைல்ஸ் தரைக்கு ஒரு வாளிக்கு 50 மி.லி.; கழிப்பறைத் தரைக்கும் குளியலறை வாடைக்கும் நன்றாக உதவும். இதுவும் அமிலம்தான், கடப்பா கல்லில் படக் கூடாது. கிருமிநாசினி என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

7. எண்ணெய்ப் பிசுக்கு, வடிகால், பித்தளை

சமையலறை மின்விசிறியின் இறக்கைகளிலும் அடுப்புக்குப் பின் சுவரிலும் ஒட்டியிருக்கும் பிசுக்குக்குச் சலவை சோடா. ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, கையில் ரப்பர் உறை, பத்து நிமிடம் ஊறல். அலுமினியப் பாத்திரத்தில் பட்டால் கறுத்துவிடும். மின்விசிறியின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உப்பு நீரில் துணி துவைக்கும்போதும் ஒரு வாளிக்கு ஒரு கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்துவிட்டால் சோப்பு குறைவாகச் செலவாகும். பட்டுக்கும் கம்பளிக்கும் இதைப் போடக் கூடாது.

வடிகால் அடைப்புக்குக் கொதிக்கும் நீரை ஊற்றச் சொல்வார்கள். இப்போதைய வீடுகளில் இருப்பது பி.வி.சி. குழாய், கொதிநீரில் இளகி வளையும். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினால் அடைப்பே வராது. பித்தளைக்கும் செம்புக்கும் பழைய புளியும் கல்லுப்பும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது பழையது மலிவாகக் கிடைக்கும். தேய்த்தபின் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள், புளிப்பு ஒட்டியிருந்தால் பச்சை பூக்கும்.

8. கொசு

இதில்தான் வீட்டு மருந்துகளின் பெயரால் அதிகம் ஏமாறுகிறோம், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு இணையானவை என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆனால் அதற்கு மாற்றாக மூடிய அறையில் வேப்பிலையையோ நொச்சியையோ புகைத்தால் நுரையீரலுக்கு அதுவும் புகைதான். முதியவர், கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் எந்தப் புகையும் வேண்டாம்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள். அதனால் வாரம் ஒரு நாளை நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை. நம் ஊரில் தண்ணீர் விட்டுவிட்டு வருவதால் டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைக்கிறோம். அவற்றைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

பலர் பார்க்காத இடங்கள்: குளிர்பதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, கோடை முடிந்து மாடியில் ஏற்றிய ஏர்கூலரின் தொட்டி, யாரும் புழங்காத கழிப்பறைக் கோப்பை, பூந்தொட்டித் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி. எங்கள் பக்கத்து வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தபோது புழு கிடைத்தது ஆட்டுக்கல்லில்தான். குழியில் மணலைக் கொட்டிவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியின் மூடிக்கும் நிரம்பி வழியும் குழாய்க்கும் கொசுவலைத் துணி கட்டுங்கள். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய் முனையிலும் கட்டுங்கள். இரவில் கடிக்கும் கொசுக்களில் பல அங்கிருந்து வருபவை. புழக்கத்துக்கான திறந்த தொட்டியிலும் கிணற்றிலும் கப்பி மீன் விடலாம், புழுக்களைத் தின்றுவிடும்.

உடலில் பூச, 100 மி.லி. தேங்காய் எண்ணெய்யில் 2 மி.லி. வேப்பெண்ணெய். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம், மறுபடி பூச வேண்டும். முதலில் முழங்கையில் தடவி ஒரு நாள் பாருங்கள். கைக்குழந்தைக்கு வலைதான் சரி. வேப்பெண்ணெய்யைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்த வேலைகளுக்கு முகூர்த்தம் ஆவணி, புரட்டாசி. ஐப்பசி மழை தொடங்கியபின் ஓடுவதில் பயன் குறைவு. ஜன்னல் வலைதான் இந்தக் கட்டுரையிலேயே பெரிய செலவு. ஒட்டும் பட்டையோடு நீங்களே பொருத்தினால் பாதியில் முடியும்.

9. கரப்பானும் எறும்பும்

எறும்பு போட்ட வாசனைத் தடத்தை அழிப்பதுதான் வேலை. பூந்திக்கொட்டை நீரில் நனைத்த துணியால் வரிசை முழுவதையும், புறப்படும் ஓட்டை வரைக்கும் துடையுங்கள். ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள். இனிப்பு டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் பழைய பழக்கத்தை விடாதீர்கள், ஆனால் அந்த நீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு. எறும்புச் சாக்பீஸ் என்று பத்து ரூபாய்க்குக் கிடைப்பதில் இருப்பது செயற்கைப் பூச்சிக்கொல்லி. பள்ளிக் குழந்தை அதைச் சாதாரண சாக்பீஸ் என்று எடுக்கும்.

கரப்பானுக்கு முதல் வாரம் மருந்தே வேண்டாம். இரவில் கழுவாத பாத்திரம், ஈரமான தொட்டி, திறந்த குப்பைக்கூடை மூன்றையும் நிறுத்துங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் இடங்களை அடையுங்கள். வடிகாலுக்கு வலை மூடி போடுங்கள். பாதி குறையும். மீதிக்குப் போரிக் பவுடர், கேரம் பலகையில் தூவுவது. ஒரு பங்கு போரிக், ஒரு பங்கு சர்க்கரைப் பொடி, இரண்டு பங்கு கோதுமை மாவு, சிறிது பால் விட்டுப் பட்டாணி அளவு உருண்டைகள். குடியாத்தம் தீப்பெட்டி காலியானதும் அதற்குள் வைத்து, அலமாரிக்குப் பின்னாலும் கியாஸ் அடுப்புக்குக் கீழும் செருகுங்கள். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் குறைவு தெரியும். முட்டைக்கூடு பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால் இரண்டு மாதம் தொடர வேண்டும்.

போரிக் பவுடர் பூமியில் கிடைக்கும் கனிமத்திலிருந்து வருவது. ஆனாலும் குழந்தை விழுங்கினால் நஞ்சு. தவழும் குழந்தையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம்; அடைப்பதையும் உலர்த்துவதையும் மட்டும் செய்யுங்கள். பல்லியை விரட்டாதீர்கள், கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கிறது.

10. அரிசி, பருப்பு, துணி

பத்து கிலோ அரிசிக்கு ஒரு கைப்பிடி நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் கட்டியோ, பத்துக் காய்ந்த மிளகாயோ, இரண்டு துண்டு வசம்போ போடுங்கள். இவை வராமல் தடுக்குமே தவிர, உள்ளே ஏற்கெனவே இருக்கும் வண்டைக் கொல்லாது. வண்டு வந்த பருப்பைக் கடும் வெயிலில் மெல்லப் பரப்புங்கள். அரிசியை அப்படிக் காயவைத்தால் வெடித்து நொய்யாகும், இளவெயிலும் நிழலும் போதும். குறைந்த அளவு என்றால் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்துவிட்டால் முட்டையும் செத்துவிடும். துவரை, பயறுக்கு ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் பிசறி வைக்கலாம். வசம்பைக் குழந்தையின் வாயில் தடவுவதை நிறுத்துங்கள்.

அந்துருண்டையை அலமாரியிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். அதிலுள்ள நாப்தலின், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு நொதிக் குறைபாட்டால், இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். பிறந்த குழந்தைக்கென்று எடுத்து வைத்த பழைய துணிகளில் அந்த வாடை இருந்தால் துவைத்து, பல நாள் காற்றில் உலர்த்தாமல் போடாதீர்கள். கற்பூரமும் விழுங்கினால் வலிப்பு வரவழைக்கும். அதை மாற்றாக வைக்க வேண்டாம். ஆரணிப் பட்டுப் புடவையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பும் நொச்சி இலையும் சிறு பையில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி நிழலில் காற்றாட விடுங்கள். இலைகளையும் அப்போதே மாற்றுங்கள்.

மூட்டைப்பூச்சியைக் குறைக்க நம் வெயில் உதவும். உறைகளைக் கொதிநீரில் ஊறவைத்து, மெத்தையைக் கறுப்பு பிளாஸ்டிக் தாளில் மூடிச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நாள் முழுக்கப் போடுங்கள். திருப்பிப் போட்டு மறுநாளும். கட்டிலின் மூட்டுகளில் வெந்நீர் ஊற்றுங்கள்.

11. வீட்டு மருந்து நிற்கும் இடம்

எலிக்கு எந்த இலையும் எண்ணெய்யும் பயன்படவில்லை. சுண்டெலி பென்சில் தடிமன் உள்ள ஓட்டையில் நுழையும். இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள், எலிக்கூண்டு வையுங்கள், கூண்டைத் தொடும்போது கையுறை போடுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் கல்லீரலை அழிக்கும். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்திருக்கிறது. பழைய டப்பா எங்காவது பரணில் இருந்தால் இன்றே எடுங்கள். நெல் மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் யார் கொண்டுவந்தாலும் விடாதீர்கள். ஈரம் பட்டதும் கிளம்பும் அதன் வாயு, அடுத்த அறையில் தூங்குபவரையும் கொல்லும்.

கரையான் புற்று தரைக்குள் இருக்கும். மரத்தில் வேப்பெண்ணெய் பூசினால் மேலே தெரிவது மட்டுமே போகும். ஆள் கூப்பிடத்தான் வேண்டும். அப்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பூச்சிக்கொல்லி தெளிக்கும் தொழிலுக்கான அரசு உரிமத்தின் நகல், தெளிக்கும் மருந்தின் பெயர் எழுதிய ரசீது, எத்தனை மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்ற குறிப்பு. தர மறுப்பவரைத் திருப்பி அனுப்புங்கள். ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

12. நோய் வந்த வீட்டில் பிளீச்சிங் பவுடர்

யாருக்காவது வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் எலுமிச்சையையும் நொதிநீரையும் நம்பாதீர்கள். அந்த நாள்களுக்காக மட்டும் கால் கிலோ பிளீச்சிங் பவுடர் வைத்திருக்கிறேன், அமிலப் பொருள்கள் இருக்கும் அலமாரியில் அல்ல, வேறு அறையில். முதலில் சோப்பு நீரால் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி பவுடரைக் கலந்து தெளியவைத்து, தெளிந்த நீரால் இடத்தை நனைத்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அன்றன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் அதற்கு வீரியம் இருக்காது. முந்தைய இரவு எலுமிச்சை உப்பு ஊற்றிய கோப்பையாக இருந்தால், நான்கைந்து வாளித் தண்ணீர் விட்டபின்தான் இது.

13. முதல் மூன்று மாதம்

முதல் வாரம் லேபிள், நோட்டு, தண்ணீர் சோதனை. இரண்டாம் வாரம் பூந்திக்கொட்டை மட்டும். பழைய பாத்திரச் சோப்பு தீரும்வரை இரண்டும் இருக்கட்டும். அதே வாரம் பழத்தோலைப் போட்டு வையுங்கள். மூன்றாம் வாரம் கழிப்பறை. நான்காம் வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை தொட்டி தேய்ப்பதும், கரப்பான் ஓட்டைகளை அடைப்பதும். துணியும் தானியமும் இரண்டாம் மாதம். மூன்றாம் மாதம் முடியும்போது நொதிநீரை வடிகட்டலாம்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒவ்வொன்றையும் நேரில் செய்து காட்டுங்கள். எங்கள் வீட்டுக்கு வருபவர், “இதில் நுரை குறைவாக இருக்கிறதே, பாத்திரம் எப்படி சுத்தமாகும்?” என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிட்டால் வெடித்திருந்த அவர் விரல்கள் இரண்டு மாதத்தில் ஆறியபின், தன் வீட்டுக்கும் கால் கிலோ பூந்திக்கொட்டை வாங்கித் தரச் சொன்னார். எழுத்துப் படிக்காதவர் என்பதால், வீட்டில் உள்ள பாட்டில்களுக்கு நிறத் துணி கட்டியிருக்கிறோம்: புளிப்பானவற்றுக்கு மஞ்சள், சோடாவுக்கு நீலம், பிளீச்சிங் பவுடருக்குச் சிவப்பு. மஞ்சளும் சிவப்பும் ஒரே நாளில் வெளியே வராது.